வளப்பூர் நாட்டுக்குப் பட்ட கடன்

எங்கள் கழகத்தின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. 'பொன்னாடை, நினைவுக் கேடயம் வகையில் செலவு' என்று தொடங்கி ஒரு தொகையில் முடிகிற சாதாரண வரி. எழுதியவன் நான், கையெழுத்தும் என்னுடையதே. ஆயினும் அந்தப் பக்கத்தைப் புரட்ட நேரும்போதெல்லாம் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வது மூன்றாண்டுகளாக என் வழக்கமாயிருந்தது. சென்ற ஆடி மாதம் கொல்லிமலையில் வளப்பூர் நாட்டுக்குப் போய்வந்த பிறகுதான் அந்த வரியை நேருக்கு நேர் பார்க்கும் துணிவு பிறந்தது.

கழகம் என்றதும் பெரிய கட்டடம், பெயர்ப்பலகை, தலைவருக்குத் தனியறை என்றெல்லாம் வாசக நேயர்கள் எண்ணிவிட வேண்டா. இராசிபுரத்தில் என் பைண்டிங் கடையின் பின்கட்டில் கூடுகிற பதினொரு பேர்தாம் நாங்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், பட்டு நெசவாளர் இருவர், மளிகைக் கடைக்காரர், மிருதங்கம் கற்றுத்தரும் இளைஞர், அரசு அலுவலகத்தில் எழுத்தராயிருக்கும் சகோதரி ஒருவர், இப்படி. ஆளுக்கு மாதம் 200 ரூபாய் போடுகிறோம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்திருப்பதால் ஆண்டுதோறும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஆகவே காசுக்குக் காசு எழுதிவைக்கிற ஒழுங்கு மட்டும் எங்களிடம் குறைவில்லாமல் உண்டு. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால் சொல்வதற்கு அதிகமில்லை. முதல் கவிதைத் தொகுதியை அச்சிட வழியில்லாத இளைஞருக்குக் காகிதச் செலவைக் கொடுப்போம். கட்டுக்கூலி என் கணக்கு. பாட்டுப் பயிலும் பிள்ளைக்குச் சுருதிப்பெட்டி வாங்கித் தருவோம். ஆண்டுக்கு ஒருமுறை, கவிஞரும் பாடகரும் கூத்தரும் ஓவியரும் ஒரே மேடையில் கலந்து ஏதேனும் செய்யும்படி ஒரு மாலைப்பொழுதை ஏற்பாடு செய்வோம்.

அத்தகைய மாலைப்பொழுது ஒன்றில்தான் அந்தக் கடன் பட்டேன். வளப்பூர் நாட்டுப் பெரியவர் ஒருவர், உடுக்கை அடித்துக் கதை பாடுபவர், எங்கள் அழைப்பை ஏற்று மலையிலிருந்து இறங்கி வந்தார். அவர் பாட, இளங்கவிஞர் ஒருவர் இடையிடையே தம் கவிதைகளைச் சொல்ல, பின்னால் ஓவியர் ஒருவர் திரைச்சீலையில் கரிக்கோலால் வரைந்துகொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம் மண்டபத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. முடிந்ததும் பெரியவரை மேடை நடுவே நிறுத்திப் பொன்னாடை போர்த்தினோம், கேடயம் கொடுத்தோம், படம் எடுத்தோம். நன்றியுரை நீண்டுகொண்டே போயிற்று. அந்த நன்றியுரையை ஆற்றியவனும் நானே.

பிறகு நடந்தது இரண்டு வாரம் கழித்தே எனக்குத் தெரிந்தது. மேடையை விட்டு இறங்கிப் பெரியவர் பந்திக்குப் போனபோது சோறு தீர்ந்திருந்தது. மலைக்குப் போகும் கடைசிப் பேருந்தும் போய்விட்டிருந்தது. வழிச்செலவைப் பொருளாளர் கொடுத்திருப்பார் என்று நானும், நான் கொடுத்திருப்பேன் என்று பொருளாளரும் எண்ணியிருந்தோம். பேருந்து நிலையத்தில் அந்தப் பொன்னாடையையே போர்த்திக்கொண்டு படுத்திருந்துவிட்டு, விடியற்கால வண்டியில் சொந்தக் காசு கொடுத்து ஏறிப் போயிருக்கிறார் மனிதர். அங்கே தேநீர்க்கடை வைத்திருப்பவர் ஏதோ வேலையாக என் கடைக்கு வந்தபோது வேடிக்கை போலச் சொன்னார்: "உங்க மேடையில ராஜா மாதிரி நின்னாரே அந்தப் பெரியவரு, ராத்திரி முழுக்க அங்கதான் பாய் படுத்துக் கெடந்தாரு."

உழைத்தவனின் வியர்வை உலருமுன் அவன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையை மதரஸாவில் கேட்டு வளர்ந்தவன் நான். என் கடையில் வேலை செய்யும் பையனுக்கு ஒரு சனிக்கிழமைகூடச் சம்பளம் தவறியதில்லை. அப்படியிருக்க, பாடுகிறவருடைய உழைப்பு மட்டும் எனக்கு உழைப்பாகத் தோன்றாமற் போனது எப்படி? கலை என்று வந்துவிட்டால், மரியாதை செய்தாயிற்று, அதுவே போதும் என்று மனம் கணக்கை மூடிவிடுகிறது. செய்தி அறிந்த அன்றே மலைக்குப் போயிருக்க வேண்டும். வெட்கம் தடுத்தது. வெட்கத்துக்கும் வட்டி ஏறும் போலும். ஓராண்டு இரண்டாகி, இரண்டு மூன்றாயிற்று.

சென்ற ஆனி மாதம் எங்கள் பொதுக்குழு கூடியது. கையிருப்பாகச் சேர்ந்திருந்த தொகையை என்ன செய்வது என்பதே பேச்சு. கழகத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக்குப் பெரிய மண்டபமாக எடுத்து, ஐம்பது கலைஞர்களை வரவழைத்துப் பொன்னாடை போர்த்தலாம் என்றார் பொருளாளர். அவர்தாம் மேலே சொன்ன தமிழாசிரியர். நல்ல மனிதர், கழகத்தை இத்தனை ஆண்டு தாங்கி நிற்பவர். ஐம்பது பேருக்கு வேண்டா, ஐந்து பேருக்கு மாதந்தோறும் சிறு உதவி செய்யலாமே என்றேன் நான். அவர் சிரித்தார். புறநானூறு அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"கொல்லிமலை ஓரியிடம் பரிசில் வாங்கின கூத்தருக்கு என்ன ஆயிற்று, தெரியுமா பாய்? பசி தீர்ந்தது, ஆட்டமும் போயிற்று, பாட்டும் மறந்தது. இதைச் சொன்னவர் வன்பரணர், நானில்லை. கலைஞனைக் கௌரவிக்கலாம். வயிற்றை நிரப்பிவிட்டால் பாட்டு நின்றுவிடும்."

இரண்டொருவர் கைதட்டினர். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. முடிவை ஆடி கழியும்வரை ஒத்திவைத்தோம். ஆனால் ஓரியின் பெயரைக் கேட்ட கணத்தில் எனக்கு வேறொரு முகம் நினைவுக்கு வந்துவிட்டது. ஓரியின் மலைதானே அந்தப் பெரியவருடைய மலையும்!

ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் கடையைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வண்டி திரும்பும்போது, மறுநாள் பண்டிகைக்கு ஊர் திரும்பும் மலைமக்களின் மூட்டைகள் என் மடிக்கு வந்து திரும்பிப் போயின. செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டை ஒட்டி அரசே நடத்துவது; வில்வித்தைப் போட்டி, மலர்க் கண்காட்சி, நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சிகள் எல்லாம் உண்டு. ஓரியின் சிலைக்கு அருகே நல்ல கூட்டம். நின்று பார்க்க ஆசைதான். வந்த காரியம் முடியட்டும் என்று அடுத்த வண்டிக்குக் காத்திருந்தேன்.

கொல்லிமலையில் ஊர்த்தொகுதிகளை நாடு என்றே வழங்குவர். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, தின்னனூர் நாடு என்று செல்லும் அந்த வரிசையில் வளப்பூர் நாடும் ஒன்று. அறப்பளீசுவரர் கோயில் இருப்பதும், அய்யாறு ஆகாய கங்கையாய் விழுவதும் இந்த நாட்டில்தான். இறங்கி விசாரித்துக்கொண்டு நடந்தேன். சவுக்கு மரத்தில் படர்ந்த மிளகுக்கொடி, பலா, அன்னாசிப் பாத்தி, சரிவில் சாமைக் காடு. அவ்வளவுக்கும் நடுவே ஓட்டு வீடு ஒன்றின் திண்ணையில் பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்றார். அது என்னை இன்னும் குறுகச் செய்தது. கொண்டுபோன உறையை நீட்டி, "மூன்று வருஷத்துப் பாக்கி ஐயா" என்றேன்.

"பாக்கியா? அதான் அன்னிக்கே துணி போர்த்தினீங்களே பாய்."

கேலியாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும். அந்தத் துணியால் மகள் தன் குழந்தைக்குத் தூளி கட்டிப் பார்த்தாளாம். "சரிகைத் துணி வழுக்குது, முடிச்சு நிக்கலை" என்றார். இப்போது அது தானியக் குதிருக்கு மேல் மூடாக்காய்க் கிடந்தது. கேடயத்தில் எங்கள் கழகத்தின் பெயர் பெரிதாகவும் அவர் பெயர் சிறிதாகவும் பொறிக்கப்பட்டிருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

உடுக்கை சுவரில் ஆணியில் தொங்கிற்று. கழற்றிக் காட்டினார். ஒரு பக்கத்துத் தோல் குறுக்கே கிழிந்திருந்தது. கிழிந்து ஒன்றரை ஆண்டாகிறது என்றார். தோல் மாற்றுகிறவர் கீழே சமவெளியில் இருக்கிறார். போய்வர ஒரு நாள், அவர் முடித்துக் கொடுக்கும் வரையில் காத்திருக்க இன்னொரு நாள், இரண்டு நாள் கூலி, வண்டிச் சத்தம், தோலுக்கு விலை. இன்று நாளை என்று தள்ளிப் போயிற்று. உடுக்கை பேசாதபோது பாட்டும் வரவில்லை. கூடவே அடித்துப் பழகிக்கொண்டிருந்த பேரன், "எதுக்குத் தாத்தா சும்மா இருக்கணும்" என்று சொல்லித் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான்.

தோலும் நூலும் என் தொழில்; கையில் வாங்கித் தடவிப் பார்த்தேன். புத்தக முதுகுக்கு ஒட்டுகிற தோல் வேறு, இது வேறு. என்னால் செய்யக் கூடியது ஒன்றுமில்லை. என்ன விலையாகும் என்று கேட்டேன். சொன்னார். நாங்கள் போர்த்திய பொன்னாடையின் விலையில் பாதிகூட இல்லை அது.

மறுநாள் காலையில் ஆகாய கங்கையைப் பார்க்கலாமென்று படி இறங்கினேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். என் முழங்கால் அதை ஒப்பவில்லை. பாதி வழியில், அருவியின் ஓசை மட்டும் கேட்கிற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஆடிப் பதினெட்டாகையால் நீராடப் போகிறவர்களும் வருகிறவர்களுமாகப் படிகளில் ஒரே கூட்டம். அங்கே உட்கார்ந்துதான், பொருளாளர் எறிந்த கல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

வன்பரணர் ஓரியைப் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் 152, 153 என்று அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னதில், புலவரும் விறலியருமாகக் காட்டு வழியே போகும் கூட்டம் ஒரு வேட்டுவனைக் காண்கிறது. அவன் விட்ட ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போய்ப் புற்றிலிருந்த உடும்பில் தைத்து நிற்கிறது. யாரென்று தெரியாமலே புலவர் தம் கூட்டத்தைப் பாடச் சொல்கிறார். முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என்று கருவிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எடுக்கச் செய்கிறார். பாட்டும் இசையும் ஆடலும் பிரியாத ஒரு குழு அது. நாங்கள் ஆண்டுக்கு ஒரு மாலை முயன்று செய்வதை அவர்கள் வழிநடையில் செய்துகொண்டு போனார்கள். பாட்டு முடிவில் அரசனைக் குறிக்கும் சொல் வந்ததும் வேட்டுவன் நாணித் தலை குனிகிறான். அவன்தான் ஓரி. என்ன வேண்டுமென்று அவர்கள் வாய்திறக்கும் வரை அவன் காத்திருக்கவில்லை. வேட்டையில் கிடைத்த மானின் கறியை முதலில் கொடுத்தான். பொன்னும் மணியும் அதற்குப் பின். கொடுத்த இடம் அரசவையன்று, அந்தக் காட்டு வழி. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த இடம் தைத்தது.

பின்னதில்தான் பொருளாளர் சொன்ன செய்தி வருகிறது. பொன்னிற் செய்து மணி பதித்த குவளைப் பூ, அணிகலன், யானை என்று பெற்ற கூட்டம், பசி நீங்கியதாலோ என்னவோ, ஆடவும் இயலாமல் பாடவும் மறந்து நின்றது. ஆசிரியர் பிழையாகச் சொல்லவில்லை, பாட்டில் இருப்பதுதான். ஆனால் இரண்டு செய்திகளை அவர் விட்டுவிட்டார். வாரால் இறுக்கிக் கட்டிய இசைக்கருவிகள் அந்த வேளையிலும் ஒலித்துக்கொண்டிருந்தன என்று அதே பாட்டு சொல்கிறது. ஓரியின் கூத்தருக்குக் கருவி பழுதில்லை. ஒலிக்கிற கருவியை அருகில் வைத்துக்கொண்டு உண்ட மயக்கத்தில் சற்றே சும்மா இருந்தார்கள், அவ்வளவே. கிழிந்த தோலுக்காக ஒன்றரை ஆண்டு வாய் மூடியிருக்கிற நிலை அதுவன்று. இரண்டாவது செய்தி இன்னும் எளிது. எல்லாரும் பாட்டை மறந்தார்கள் என்று நமக்குச் சொன்னது எது? ஒரு பாட்டு! அந்தக் கொடையை உண்டு பசி தீர்ந்தவர்களில் வன்பரணரும் ஒருவர் அல்லரோ? அவர் மறக்கவில்லையே! பசி ஆறிய புலவர் வாயிலிருந்து வந்ததால்தான் அந்தப் பாட்டில் அப்படியொரு குறும்பு இருக்கிறது என்றுகூட எனக்குத் தோன்றிற்று. பசியில் குறும்பு வருவதில்லை. என் அத்தா வறுமையில் தொழில் நடத்திய நாளில் நான் கண்டது அது.

பசியே கவிதைக்குத் தாய் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் உண்டுவிட்டு வந்தே பேசுகிறார்கள். இதைச் சற்றுக் கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டா; அந்தக் கூட்டத்தில் மூன்றாண்டுக்கு முன் நன்றியுரை ஆற்றியவனும் சேர்த்திதான்.

ஓரியின் கதை அங்கே முடியவில்லை. முள்ளூர் மன்னன் காரி அவனைப் போரில் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். வள்ளல் மாண்ட பிறகு அந்த விறலியர் எங்குப் போனார்கள், அந்த முழவையும் யாழையும் யார் பழுது பார்த்துக் கொடுத்தார்கள் என்று எந்தப் பாட்டும் சொல்லவில்லை. ஒரே மனிதனை நம்பி நிற்கிற கலைக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

படியேறி வந்து கோயிலின் எதிரில் நின்றபோது அறப்பளீசுர சதகம் நினைவுக்கு வந்தது. அம்பலவாணக் கவிராயர் இக்கோயிலின் இறைவனை முன்னிறுத்திப் பாடிய நூல். பள்ளியில் நம்மில் பலரும் ஓரிரு பாட்டுப் படித்திருப்போம். பாட்டுக்குப் பாட்டு இறுதியில் மதவேள் என்னும் வள்ளலின் பெயர் வரும். தெய்வத்தைப் பாடுகிற இடத்தில், சோறிட்டவன் பெயரையும் மறவாமல் சேர்த்து வைத்தார் கவிராயர். இது எங்கோ கேட்டாற்போல் இருக்கிறதே என்று ஒரு கணம் திகைத்தேன். வேறெங்கே? நம் உமறுப் புலவரிடம்தான்.

சீறாப்புராணம் பிறந்த வரலாறு நம் இல்லங்களில் கதையாகச் சொல்லப்படுவது. கீழக்கரை வள்ளல் சீதக்காதி, ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர், உமறுவை அந்தக் காப்பியத்துக்குத் தூண்டினார். செத்தும் கொடுத்தான் என்று ஊர் புகழும் அவரே நூல் நிறைவேறுமுன் மறைந்துவிட்டார். அங்கேயே நின்றிருக்க வேண்டிய பணியைப் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஏற்று நடத்தினார். அதனால்தான் காப்பியத்தினுள்ளே பல இடங்களில் உமறு நன்றியோடு பாடிவைத்த பெயர் அபுல் காசிமுடையது. 5027 பாடல்கள் வரை சென்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வு முழுதும் அதில் அடங்கவில்லை; எஞ்சியதைப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் கைகொடுத்த வரிசை அது. சீதக்காதியைப் போற்றுகிற நாம் அபுல் காசிமை அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கென்னவோ, இரண்டாவது மனிதரைத்தான் கழகங்களெல்லாம் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும் என்று படுகிறது. பெயர் முதலாமவருக்குப் போய்விடும் என்று தெரிந்தே எடுத்துச் சுமந்தவர்.

ஆகாய கங்கையாய் விழும் அய்யாறு, திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைப் பக்கமாக இறங்கிக் காவிரிச் சமவெளியை நோக்கி ஓடுகிறது. அந்தச் சமவெளியில், திருவரங்கத்தில், நம்மவர் ஒருவர் செய்த காரியத்தை இங்கே சொல்லாமலிருக்க இயலாது. மர்ஹூம் ஷேக் சின்ன மௌலானா சாஹிப் ஆந்திர நாட்டுக் கரவதியில் 1924இல் பிறந்தவர். வழிவழியாக நாதசுரம் வாசித்த குடும்பம். தஞ்சாவூர்ப் பாணியின் மீது கொண்ட காதலால் நாச்சியார்கோயில் சகோதரர்களிடம் பயின்று, திருவரங்கத்திலேயே குடியேறினார். 1977இல் பத்மஸ்ரீ, 1998இல் சங்கீத கலாநிதி என்று பட்டங்கள் அவரைத் தேடி வந்தன. பொன்னாடைகளும் குவிந்திருக்கும். எனக்கு அவையெல்லாம் இரண்டாம் பட்சம். 1982இல் திருவரங்கத்தில் சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமம் என்று ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினாரே, அதுதான் பெரிது. கேட்டுத் திரிந்து கற்ற ஒருவர், பின்வருகிறவன் அப்படித் திரிய வேண்டாமென்று போட்டுவைத்த திண்ணை அது. 1999இல் அவர் காலமான பிறகும் பேரர்கள் காசிமும் பாபுவும் அந்த நாதத்தை ஏந்தி வந்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்திலேயே இன்னொன்று உண்டு. சேலம் மாவட்டம் மேட்டூர் வட்டத்தில் ஏர்வாடி என்று ஒரு சிற்றூர். (கீழக்கரைக்கு அருகிலுள்ள ஏர்வாடி தர்கா என்று நம்மவர் மயங்கிவிட வேண்டா, இது வேறு.) அங்கிருந்து எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன் மணல்வீடு என்னும் சிற்றிதழை நடத்துகிறார். கவிதையும் கதையும் அதில் வரும். அதே கையால் களரி என்ற அமைப்பின் மூலம் அந்தப் பகுதித் தெருக்கூத்துக்காரர்களுக்கும் பாவைக்கூத்துக்காரர்களுக்கும் மேடை அமைத்துக் கொடுக்கிறார். கவிதை ஒரு கரையில், கூத்து மறு கரையில் என்று இருந்ததை ஒரு கிராமத்து வாசலில் சேர்த்து உட்கார வைத்த முயற்சி அது. காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் 1990இல் தோன்றியது; பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயின் அம்மையாரும் 2002 முதல் குருகுலம் நடத்தி, பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்தக் குருகுலம் 2020இல் மூடப்பட்டது. சிறிய அமைப்புகளின் ஆயுள் இப்படித்தான். ஆனால் அங்குப் பயின்ற பிள்ளையின் காலில் ஏறிய அடவை யார் மூட முடியும்?

ஆவணியில் மறுபடி கூடினோம். கையிருப்பைப் பற்றிப் பேசுமுன் பேருந்து நிலையத்துச் செய்தியைச் சொன்னேன். மூன்றாண்டாக என்னிடமும் பொருளாளரிடமும் மட்டும் இருந்த செய்தி. எழுத்தராயிருக்கும் அந்தச் சகோதரி, "அன்னைக்கு மிச்சமான சாம்பாரை என் வீட்டுக்கு எடுத்துப் போனேனே" என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டார். பிறகு, பாட்டு மறந்ததைச் சொன்னதும் ஒரு பாட்டுத்தானே ஐயா என்று ஆசிரியரிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். "இத்தனை வருஷம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன், ஒரு பையன்கூட இதைக் கேட்டதில்லை" என்றார்.

அதற்காக அவர் முழுதும் மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். விழா வேண்டும், மண்டபம் வேண்டும், நாலு பேருக்குத் தெரியாமல் செய்தால் அடுத்த தலைமுறையில் யார் சந்தா போடுவார்கள் என்று வாதாடினார். அதிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில் சிறிய மண்டபம் என்றும், பொன்னாடை இல்லை என்றும், வருகிற கலைஞருக்கு மேடை ஏறுமுன் சாப்பாடும் வழிச்செலவும் சன்மானமும் என்றும், கருவி பழுது பார்ப்பதற்கென்று தனியாக ஒரு நிதி என்றும் முடிவாயிற்று. மாத உதவித்தொகை மட்டும் நிறைவேறவில்லை. ஒரு வாக்கில் தோற்றது. அடுத்த ஆண்டு மறுபடி கொண்டுவருவேன்.

உடுக்கையை மலையிலிருந்து வரவழைத்துத் தோல் மாற்றினோம். புரட்டாசியில் கொண்டுபோய்க் கொடுக்கப் புறப்பட்டபோது, தாமும் வருவதாக ஆசிரியர் சொன்னார். ஓரியின் பாட்டை நாற்பது ஆண்டு நடத்தியவர் கொல்லிமலையை அதுவரை பார்த்ததில்லையாம்! எழுபது வளைவிலும் துணியில் சுற்றிய உடுக்கையைக் குழந்தையைப் போல் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். என்னிடம் தர மறுத்துவிட்டார்.

திருப்பூருக்குப் போன பேரன் திரும்பவில்லை. தீபாவளிக்கு வருவான் என்றார் பெரியவர். வந்தால் இரண்டு நாள் இருப்பான். உடுக்கையை வாங்கி இருபுறமும் விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, அடிப்பார் என்று நாங்கள் ஆவலோடு உட்கார்ந்திருக்க, அதை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனார்.

"மொதல்ல சாப்பிடுங்க பாய். வாத்தியாரு வெயில்ல வந்திருக்காரு."

சாமைச் சோறும் அவரைக் குழம்பும். நாங்கள் கைகழுவி வந்து உட்கார்ந்த பிறகுதான் உடுக்கையை எடுத்தார்.